ஆறு மாதமாக எழுதிய நல்வாழ்வு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை நிறுத்தத்தில் ஒரு அக்காவும் தங்கையும் பஸ்ஸில் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். தங்கை ஏதோ மாதப் பத்திரிகையில் நல்வாழ்வு பற்றித் தொடர் எழுதுகிறவள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"ஆறு மாசமா எழுதுனதை நேத்து ஒண்ணா உக்காந்து படிச்சேன்க்கா. அதுல ஒருத்தர்கூட சிரிக்கல."

"மனுசங்க நல்லா வாழறதப் பத்தித்தானே எழுதுற? அப்புறம் என்னதாண்டி எழுதி வச்சிருக்க?"

"பொறுத்துப் போ, விட்டுக்குடு, வாயத் தொறக்காத. மாசாமாசம் இதையேதான் மாத்தி மாத்தி எழுதியிருக்கேன்."

"எந்தக் கிறுக்கி உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"நீதான்க்கா. நான் கோவிச்சுக்கிட்டு உன் வூட்டுக்கு வர்றப்பல்லாம் சொல்லுவ."

அக்கா சலித்துக்கொண்டாள்.

"உன்னைத் திரும்ப உன் வூட்டுக்காரருகிட்ட அனுப்பணுமேன்னு சொன்னதுடி அது. அதைப் போயி ஊருக்கெல்லாம் எழுதுவியா?"

"இனிமே என்ன எழுதறதுன்னே தெரியலக்கா."

"எழுதறது இருக்கட்டும்."

அக்காவின் ஊர் வந்தது. தங்கை தன் வீட்டுக்காரர் இருக்கும் சேத்தியாத்தோப்பு வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தாள். அக்கா அவளுடைய பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"டிக்கெட்டு போனா போவுது, எறங்குடி" என்றாள் கீழே நின்று.

தங்கை இறங்கிவிட்டாள்.