குருத்தோலை இல்லாமல் நடந்தவர்

பிள்ளைகளே, போன வாரம் வடமதுரை பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு நண்பர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"குருத்தோலை ஞாயிறு பவனியில நான் வெறுங்கையாத்தான் நடந்தேன்" என்றார் ஒருவர்.

"ஏன்யா, உனக்கு மட்டும் ஓலை பத்தலையாக்கும்?" என்று மற்றவர் சிரித்தார்.

"எந்தப் பனையில ஓலை வெட்டலாம்னு காட்டுனதே நான்தான்ப்பா. குருத்து எடுக்க ஏறுன ஆளு, இடைஞ்சலா இருக்குன்னு தொங்குன காஞ்ச ஓலையையும் வெட்டிப் போட்டுட்டாரு. கீழ புரட்டிப் பாத்தா, ஓலைக்கு அடியில, பனையிலயே கூடு கட்டுற உழவாரக் குருவியோட கூடு. எச்சிலால ஒட்டி வச்சிருந்த ரெண்டு முட்டையும் உடைஞ்சு கெடந்துச்சு."

"தெரியாமச் செஞ்சதுதானே, விடு."

"தெரியாமலா? கோவில்ல நான் எடுக்குற மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயி, அந்தக் குருவியக் காட்டுனதே அந்த மரத்துலதான். ஆண்டவர் படைச்சத நாமதான் காக்கணும்னு அம்புட்டுப் பேசுனேன். கோவிலுக்கு ஓலைன்னதும் எல்லாம் மறந்துபோச்சு."

"பிள்ளைகள்ட்ட சொல்லிட்டியா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குருவி எங்க சார்னு கேட்டுச்சுக. வேற மரத்துக்குப் பறந்து போயிருச்சுன்னு சொல்லிட்டேன்."