ஜெனரல் தேடிய குதிரைக்காரன்

செசிலியா: ...மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதேண்ணே, மோகிங்கா ஆறுது. சாப்பிட்டுக்கிட்டே சொல்லு. நாளைக்கு அவர் தங்கியிருக்கிற ஓட்டலுக்கு வர்றியா, இல்லையா?

லூர்து: எதுக்கு? அவன் ஜப்பான் ஜெனரல். நான் இன்சீன் ரயில் ஒர்க்‌ஷாப்ல எண்ணெய் துடைக்கிறவன்.

செசிலியா: இப்ப ஏது ஜெனரல்? செத்த சிப்பாய்ங்களுக்கு ஊதுவத்தி ஏத்த வந்திருக்கிற கிழவர். சண்டைக்காலத்துல ஜப்பான் பேச்சு படிச்சவள்னு, அவர் சொல்றதை மொழிபெயர்க்க என்னைப் போட்டிருக்காங்க. வந்ததுலேருந்து, 'என் குதிரைக்காரன் லூர்து எங்கே'ன்னு ஒரே கேள்வி.

லூர்து: குதிரை எங்கேன்னு கேக்கலையா?

செசிலியா: அதையும்தான்...

லூர்து: கேப்பான், கேப்பான்! மீசை முளைக்கிறப்பவே குதிரைப்படையில சேர்ந்தவனாச்சே. ரங்கூனுக்கு வந்தப்போ கர்னல். சேணம் உரசிக் குதிரைக்குப் புண்ணு வந்துச்சுன்னா, ஆறுற வரைக்கும் இவனும் நடைதான்.

செசிலியா: உன்னை அடிச்சாராமே?

லூர்து: ஒரே ஒரு தரம். கொள்ளுல கல்லு கிடந்துச்சு.

செசிலியா: நல்லா வேணும்! சரி, ஜெனரல் ஆனப்ப விருந்தெல்லாம் உண்டா?

லூர்து: விருந்தா! காரைக் குடுத்துட்டுக் குதிரையை வேற பட்டாளத்துக்கு அனுப்பிட்டாங்க. புது நட்சத்திரத்தைக் குத்திக்கிட்டு லாயத்துக்கு வந்தான். அது கழுத்துல முகத்தை வச்சுக்கிட்டு நின்னான், நின்னான்... எனக்கே பாவமா... சே!

செசிலியா: என்னண்ணே?

லூர்து: அதுக்கு முந்தின மாசந்தான் அப்பாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடிச்சுட்டுப் போனாங்க. இவன் கால்ல விழுந்து கெஞ்சினேன் செசி. 'குதிரைன்னா இப்பவே மீட்டுத் தருவேன், கூலியாளுங்க விஷயம் என் கையில இல்ல'ன்னுட்டான்.

செசிலியா: ஓ... அதான்...

லூர்து: என்ன அதான்?

செசிலியா: ஒண்ணுமில்ல. இத்தனை வருஷமா ஏண்ணே எங்கிட்ட சொல்லல?

லூர்து: சொல்லி என்ன ஆகப்போவுது? அம்மா வாசலையே பார்த்துப் பார்த்துப் போய்ச் சேர்ந்தா.

செசிலியா: அப்ப வர வேண்டாம், விடு.

லூர்து: இல்ல, வர்றேன். அவன் மூஞ்சிக்கு நேரா, 'எங்கப்பா திரும்பவே இல்ல'ன்னு சொல்லணும். நீ அதை அப்படியே ஜப்பான்ல சொல்லு. எனக்கு அது போதும்.

செசிலியா: வேண்டாம்ணே...

லூர்து: ஏன், கிழவன் மேல இரக்கமா?

செசிலியா: இன்னைக்கே கேட்டுட்டாருண்ணே. 'லூர்தோட அப்பா திரும்பி வந்தாரா'ன்னு... என் வாயையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. வந்துட்டாருன்னு சொல்லிட்டேன்.