கோட்டுக்குள்ளே கோடை

— சாட்சிக்காரர் திரைக்கு அங்கால நிக்கிறாங்க மகள், உரத்துச் சொல்லு. கிண்ணியா பாயிஸுக்கு உன்னை நிக்காஹ் செய்து குடுக்கச் சம்மதமா, நஜ்முன் நிஸா?

— வாப்பா, நான் பரீதா.

— நான் என்ன சொன்னன்?

— மூத்தவ, ராத்தாட பேரைச் சொன்னீங்க. ராத்தாக்குக் கலியாணம் முடிஞ்சு, புள்ளையும் நடக்குது.

— நாக்கு வழுக்கிட்டு. திரும்பக் கேக்கிறன். சித்தி பரீதா, சம்மதமா?

— நாக்கு வழுக்கல்ல வாப்பா, உடம்பு கொதிக்குது. கையைத் தாங்க பாப்பம். யா அல்லாஹ், அடுப்பு! முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டுங்க. பிறகுதான் சம்மதம்.

— மெல்லமாக் கதை. என்ட வாப்பா இந்தக் கோட்டோடதான் உன்ட மாமிமாரைக் கட்டிக் குடுத்தவர். நேவி யாட்டு வேலையில வெள்ளைக்காரத் தொரைக்கு முன்னால நிக்கேக்கயும் நான் இதன்ட ஒரு பொத்தானைக் கழட்டினவனில்ல.

— அப்ப உங்களுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. போன வருஷம் முள்ளந்தண்டுக்குள்ள வீங்கினதுக்குப் பிறகு நெஞ்சுக்குக் கீழ ஒரு சொட்டு வேர்க்குதா? வேர்க்காத உடம்புல சூடு வெளியேறாது, ஈரத்துணி போடுங்க, காத்துப் பட இருங்க எண்டுதானே டொக்டர் சொன்னவர்? கோட்டுப் போடச் சொன்னவரா?

— அந்த டொக்டருக்குப் பொம்புளப் புள்ள இல்ல.

— போன வெள்ளிக்கிழமை சூடு ஏறி, பள்ளியில ஓதுற லெவ்வையைப் பிடிச்சு, “புள்ள, தேத்தண்ணி ஊத்து” எண்டு சொன்னீங்களே!

— அவர் அதைப் பெரிசா எடுக்கல்ல.

— இண்டைக்கு அந்த லெவ்வைக்கு முன்னாலதான் மாப்பிள்ளையிட கையைப் பிடிச்சுக்கொண்டு என்ட பேரைச் சொல்லப் போறீங்க. அங்கயும் நஜ்முன் நிஸா எண்டு சொல்லிட்டீங்கண்டா? ராத்தாக்கு ரெண்டு மாப்பிள்ளை, எனக்கு ஒண்டும் இல்ல!

— சிரிக்காத! பொண் சிரிக்கிற சத்தம் பந்தலுக்குக் கேக்கப்படாது. முறை எண்டு ஒண்டு இரிக்கு.

— ஸஹாப்தீன் காக்கா! நான் மஹ்ரூப். எவ்வளவு நேரம் இந்தத் திரையைப் பாத்துக்கொண்டு நிக்கிற? மாப்பிள்ளையிட மாமன் எண்டு ஒரு கதிரையாவது போடக்கூடாதா? புள்ள சொல்லிச்சா?

— சொல்லப் போகுது மஹ்ரூப். வெக்கம்.

— வெக்கத்துல பேசாம இருந்தாலும் சம்மதம்தானே காக்கா. நானும் உங்கட தம்பி அலியாரும் அப்பிடியே சாட்சி சொல்லிடுவம்.

— நான் பேசாம இருக்கல்ல மாமா! மாட்டன் எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறன்!

— பரீதா!

— காக்கா, இது என்ன கதை? வள்ளம் வள்ளமாச் சனம் துறை தாண்டி வந்திரிக்கு. உங்கட முகத்துல வேர்வை ஊத்தேக்கயே யோசிச்சனான், இந்த மனிசன் என்னத்துக்கோ பயப்படுறார் எண்டு. புள்ளையிட மனசுல வேற ஆரும்...

— நிப்பாட்டுங்க. என்ட மகளைப் பத்தி ஒரு சொல்லும் கதைக்கப்படாது. குறை என்ட உடம்புல. வருத்தக்காரக் குடும்பம் எண்டு பேர் வந்திடும் எண்டு உங்களுக்கு மறைச்சனான். திரைக்குள்ளால கையை நீட்டுங்க. என்ட நெத்தியைத் தொடுங்க.

— சொட்டச் சொட்ட ஊறிப் போய்க் கிடக்கு.

— இப்ப கோட்டுக்குள்ள கையை விட்டு நெஞ்சுக்குக் கீழ தொடுங்க.

— உம்மாடி! சல்லிக் கடற்கரையில மத்தியான மணல்! மேல மாரி, கீழ கோடையா? இது என்ன நாடு காக்கா?

— முள்ளந்தண்டு வீங்கிப் பிழைச்சவன்ட நாடு. மேல ஊத்துறது பயமுமில்ல, பொய்யுமில்ல. கீழ வேர்க்கிறதேயில்ல. அதுக்குத்தான் இவள் கோட்டைக் கழட்டச் சொல்லி மல்லுக்கு நிக்கிறாள். உங்கட பொடியன்ல அவளுக்கு ஒரு குறையுமில்ல.

— ஒரு குறையுமில்ல மாமா. நல்ல வடிவு.

— பரீதா! வாயை மூடு!

— அப்பிடியெண்டாக் கழட்டுங்களன் காக்கா! நாங்க கோட்டுக்கா சம்பந்தம் பேச வந்த? பொறுங்க, பொறுங்க. கையில இது என்ன தட்டுப்படுது? மெல்லிசா, கரையெல்லாம் வைச்சு...

— கையை எடுங்க மஹ்ரூப்.

— வாப்பா, உள்ளுக்கு என்ன கட்டியிரிக்கிறீங்க?

— உன்ட உம்மாட சீலை. கிணத்துத் தண்ணியில நனைச்சு, நெஞ்சைச் சுத்திக் கட்டி விட்டவ. மத்தச் சீலையெல்லாம் தடிப்பு, கோட்டுப் பொத்தான் பூட்ட ஏலல்ல. அதால தன்ட கலியாணக் கூறையை எடுத்தவ. கட்டேக்க நல்ல குளிர்மைதான். இந்தக் கொதிக்கிற கச்சான் காத்துல, லெவ்வை வந்து இருக்க முந்தியே காஞ்சு போச்சு.

— உம்மா கூறையையா கட்டி விட்டவ? அப்ப இண்டைக்கு இந்த வீட்டுல ரெண்டு பொண்!

— மஹ்ரூப், நீங்களும் சிரிக்கிறீங்க.

— இல்ல காக்கா, எனக்கு இருமல். அலியார்தான் சிரிக்கிறான், வெத்திலை புரைக்கேறிட்டு. நான் ஒண்டு சொல்லட்டா? நீங்க போய்க் காத்துப் பட இருங்க. உங்களுக்குப் பதிலா அலியார் பொண் குடுக்கட்டும்.

— நான் உயிரோட இருக்கேக்க என்ட மகளை இன்னொருத்தன் குடுக்கிறதா? அலியாரை வெத்திலையைத் துப்பிட்டு நேரா நிக்கச் சொல்லுங்க.

— அப்ப என்னதான் செய்யப் போறீங்க? கழட்டினாச் சீலை தெரியும். கழட்டாட்டிப் புள்ள ஓம் சொல்லாது. லெவ்வை அங்க தொண்டையைக் கனைச்சுக் கனைச்சுக் களைச்சுப் போனார்.

— பரீதா, கழட்டினாச் சொல்லுவியா?

— கழட்டின கையோட சொல்லுவன்.

— இந்தா. மெல்லப் பிடி, தையல் பழசு. இப்ப சொல்லு.

— ஓம் வாப்பா, சம்மதம்! ஓம், ஓம், ஓம்! கேட்டிச்சா மாமா?

— பந்தல்ல சமைக்கிறவனுக்கும் கேட்டிச்சு புள்ள!

— ஒருக்காச் சொன்னாப் போதும். அந்தக் குடத்தை எடு. நெஞ்சுல ஊத்து. முதுகுலயும் ஊத்து. ஆ... இன்னும் ஊத்து மகள்.

— காக்கா, இந்தக் கோலத்திலயா வரப் போறீங்க? தண்ணி ஒழுக ஒழுக, சிவத்தச் சீலையோட? சனம் பாக்குமே!

— பாக்கட்டும். ஸஹாப்தீன் தன்ட பெண்சாதியிட கூறையைப் போத்திக்கொண்டு பொண் குடுத்தான் எண்டு கிண்ணியா முழுக்கச் சொல்லட்டும். ஆனா நிக்காஹ் நடக்கேக்க இந்தக் கோட்டு வெறுமனே கிடக்கப்படாது, அது எங்கட முறையில்ல. கொண்டு போய் உங்கட பாயிஸுக்குப் போட்டு விடுங்க மஹ்ரூப். இனி வேர்க்கிறது அவன்ட பாடு.