கருடக்கொடியின் காய் அவர் வரைந்ததல்ல

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அறக்கட்டளைப் பெருமக்களே, செயலாளர் திரு. சின்னண்ணன் அவர்களே, அம்மையாரின் மகள் திருமதி அனிதா அவர்களே, வெண்ணந்தூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, ஞாயிறுதோறும் மின்விசிறியை நிறுத்திவிட்டு என்னோடு வியர்வையில் அமர்ந்திருந்த தாவர ஓவிய வகுப்புத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருப்பதாக ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுவிட்டேன். எனக்குத் தேவையான நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் முத்தாயம்மாள் அம்மையாரை மலர் என்றார்கள், தென்றல் என்றார்கள், வானவில் என்றார்கள். அம்மையார் மலர் அல்லர். மலரைப் பார்த்தவர். பார்ப்பது என்றால் என்ன என்று ஓய்வு பெற்ற பிறகு மாணவியாக அமர்ந்து கற்றுக்கொண்டவர். அந்த வேறுபாடு தெரியாதவர்கள் அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிறார்கள்! அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியன். அவர் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியராக முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர். இந்த அறக்கட்டளையின் படிப்பகத்தில் தாவர ஓவிய வகுப்பு தொடங்கியபோது நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். கற்பிக்க வந்தவர் சேலத்தைச் சேர்ந்த ஷாலினி. எங்கள் இருவரையும்விட வயதில் மிக இளையவர். முதல் நாள் எல்லோர் முன்னும் ஒரு கத்தரிப்பூவை வைத்தார். நான் பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் அம்மையார் வரைந்து முடித்துவிட்டார். பாடநூலில் அச்சிட்டதுபோல ஐந்து இதழ்கள், நடுவே மகரந்தக் கூம்பு. ஷாலினி வந்து நின்றார்.

"டீச்சர், எண்ணிப் பாத்தீங்களா?"

"எண்ணறதுக்கு என்னங்க இருக்குது? கத்தரிப்பூவுக்கு அஞ்சுதானுங்க. இதெச் சொல்லிக்குடுத்துத்தான் நான் பென்சனே வாங்கறேன்."

"கத்தரிப்பூவுக்கு அஞ்சு சரிங்க. இந்தப் பூவுக்கு?"

அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒருமுறை எண்ணினார். மறுமுறை விரல் வைத்து எண்ணினார். பிறகு அறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "ஆறு இருக்குதுங்க சாமி! முப்பது வருசமா நான் புத்தகத்தெப் பாத்தே பூவெச் சொல்லிக்குடுத்துட்டு வந்துட்டனுங்க!"

நாங்களும் சிரித்தோம். ஆனால் அன்றே அவர் தாளைக் கிழித்தார். அன்றிலிருந்து தான் காணாத ஒரு நரம்பைக்கூட, ஒரு மயிரிழையைக்கூட அவர் தாளில் இட்டதில்லை. ஷாலினி பணிமாற்றமாகிச் சென்ற பிறகு, எங்களுக்குள் மூத்தவர் என்பதால் வகுப்பை அவர் நடத்தினார். அப்போது அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று: ஒரு தாளுக்கு ஒரு செடி. மொட்டை ஒரு செடியிலும் பூவை வேறு செடியிலும் பார்த்து ஒட்டுப்போடக் கூடாது. மொட்டு விடும்போது பார்க்க வேண்டும், பூக்கும்போது பார்க்க வேண்டும், காய்க்கும்போது அதே செடியிடம் திரும்பிப் போக வேண்டும். ஒரு படம் முடிய ஓராண்டு ஆகலாம். ஆகட்டும் என்றார்.

உலகத்தில் எல்லாத் தாவர ஓவியர்களும் இப்படிச் செய்கிறார்களா? இல்லை. நானே அவரிடம் வாதாடியிருக்கிறேன். பெரிய நூல்களில்கூடப் பல செடிகளைப் பார்த்து ஒரு படம் வரைவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். "அவங்க அப்படியே போடட்டுங்க தம்பி. நாம ஒருக்கா ஏமாந்தவங்க. நமக்கு இதுதான் நல்லது" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

இப்போது கருடக்கொடிக்கு வருகிறேன்.

இதோ, அம்மையாரின் படத்துக்கு வலப்புறம், விளக்கொளி பாய்ச்சி, தாங்கியில் வைத்திருக்கிறீர்களே, அந்த ஓவியம். இந்தப் படிப்பகத்தின் பின்சுற்றுக் கம்பிவேலியில் தானாக முளைத்துப் படர்ந்த கருடக்கொடி. ஈஸ்வரமூலி என்றும் சொல்வோம். அடியில் குடம்போலப் பருத்து, குழலாக நீண்டு, முடிவில் நாக்குப்போல விரியும் அதன் பூவைப் பாருங்கள். அந்தக் கரும்பழுப்பு நிறம் கிடைக்க அவர் எத்தனை காகிதக் கீற்றுகளில் வண்ணம் குழைத்துப் பூவின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார் என்பது எங்களுக்குத் தெரியும். உள்ளே கொண்டுவந்து குவளையில் வைத்த கொடித்துண்டு காற்றில் ஆடும் என்று சித்திரை வெயிலிலும் மின்விசிறி போட விடமாட்டார். "கரண்டு பில்லு மிச்சம்" என்று செயலாளர் அவர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் குற்றம் ஒன்றும் இல்லை.

அதே செயலாளர் அவர்கள் இன்னொரு நாள் இலைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "ஏனுங்க டீச்சர், ஓட்டையில்லாத எலையே உங்களுக்குக் கெடைக்கலீங்களா?"

"கெடைக்குமுங்க. அது பக்கத்துக் கொடியில இருக்குது. இந்தக் கொடியெப் பட்டாம்பூச்சிப் புழு தின்னுருச்சு. புழுவுக்கு நான் என்னங்க சொல்றது?"

மொட்டு முடிந்தது. பூ முடிந்தது. காய் மட்டும் மிச்சம். கருடக்கொடியின் காய் பச்சையாக இருக்கும்போது சிறு பீர்க்கங்காய்போல வரிவரியாக இருக்கும். அழகு அதன் பிறகுதான். காய்ந்ததும் காம்போடு சேர்ந்து ஆறு கீற்றாகப் பிரிந்து, கீழ்நுனி மட்டும் ஒட்டியிருக்க, சிறிய உறிபோலத் தொங்கும். உள்ளே விதைகள். காற்று அடிக்க அடிக்க மேல்வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பறக்கும். அந்த உறியை வரைவதற்காக அம்மையார் தாளின் வலது கீழ்ப்புறத்தில் உள்ளங்கை அளவு இடம் விட்டுவைத்திருந்தார். கொடியில் ஒரு காய் முற்றிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

தை மாதம் அவருடைய ஓவியக் கண்காட்சியை இந்த அறக்கட்டளை ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். திறந்து வைக்க விருந்தினர் வந்தார். விருந்தினர் வருகிறார் என்பதற்காக முதல் நாள் என்ன செய்தீர்கள்? சுற்றுவேலியைச் சுத்தம் செய்யச் சொன்னீர்கள். கருடக்கொடியை வெட்டினீர்கள். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினீர்கள். அந்தக் கொடியின் படத்துக்கு மரியாதை செய்வதற்காக அந்தக் கொடியையே கொளுத்தினீர்கள்! சிரிப்பு வருகிறதா? எங்களுக்கு வரவில்லை. அவர் சாம்பல் மேட்டில் குச்சியால் கிளறிக்கொண்டு நின்றதை நாங்கள் பார்த்தோம்.

மறுநாள் விருந்தினர் அந்த ஓவியத்தின் முன் நின்று, "இந்த எடம் ஏனுங்க காலியா இருக்குது?" என்று கேட்டார். அம்மையார் ஒலிவாங்கியைக் கையில் வாங்கிச் சொன்னார்: "காய் வர்றதுக்கு முன்னாடி கொடியெ வெட்டிப் போட்டாங்க. உங்களுக்காகத்தானுங்க வெட்டுனாங்க." அந்தப் பதிலைச் செயலாளர் அவர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் அம்மையார் மன்னித்தார். "வேரு இருக்குதுங்க, மழெ பேஞ்சா துளுத்துக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. ஆடி மழையில் துளிர்த்தது. ஆவணியில் அதன்மேல் நடைபாதைக் கல் பதித்தீர்கள். அப்போது அவர் கோவையில் மருத்துவமனையில் இருந்தார்.

கொடியை வெட்டியதால் அம்மையார் இறந்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. அது பொய். அவருக்குக் கணையத்தில் புற்றுநோய். இந்த மேடையில் நான் ஒரு பொய்யும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் என் குற்றச்சாட்டே பொய்யைப் பற்றியது.

எங்கள் வகுப்புத் தோழி சௌந்தர்யா மருத்துவமனைக்குப் போனார். படுக்கை விரிப்புகளுக்கு வடிவமைப்பு செய்யும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். அம்மையார் முதலில் கேட்டது மருந்தைப் பற்றி அல்ல. "துளுத்துச்சா?" என்றார். "துளுத்துச்சுங்க அக்கா, ஆனா மேல கல்லுப் பதிச்சுட்டாங்க" என்றார் சௌந்தர்யா. அம்மையார், "அப்ப தாள்ல அந்த எடத்தெ அப்படியே உட்ருங்க சாமி. ஒண்ணையும் போட்டு நெரப்பிராதீங்க. காலியா இருந்தாத்தான் அது நான் போட்ட படம்" என்றார். அருகில் மகள் அனிதா இருந்தார். இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவர் தலையசைப்பதை எல்லோரும் பார்க்கிறீர்கள்.

அம்மையார் கண்மூடினார். அடுத்த வாரமே செயலாளர் அவர்கள் சௌந்தர்யாவை அழைத்தார்கள். அறக்கட்டளை வெளியிடப்போகும் அம்மையாரின் ஓவிய நூலுக்கு முகப்பில் இந்தப் படம் வரவேண்டும், குறையோடு வரக்கூடாது என்றார்கள். அந்த உரையாடலை அப்படியே சொல்கிறேன்.

"ஏம்மா, நீ பெட்சீட்டுக்கு டிசைன் போடறவதானே? ஒரு காய் போடறதுக்கு எத்தன நேரமாகும்?"

"காய் போட அரை மணி நேரமுங்க. அதெ அக்கா பாத்தாங்கன்னு சொல்றதுக்குத்தான் ஆளில்லீங்க."

"செத்தவங்க வந்து கேக்கவா போறாங்க?"

"அதனாலதானுங்க நான் கேக்கறேன்."

அதன் பிறகு வேறொருவரைப் பிடித்தார்கள். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. கூலிக்கு வரைந்தார். கைபேசியில் ஏதோ ஒரு படத்தைக் காட்டியிருப்பார்கள். அவர் வரைந்த காயைக் கிட்டே வந்து பாருங்கள். நகலில் அல்ல, மூல ஓவியத்தில், அம்மையார் விட்டுச்சென்ற அந்த இடத்தில், அம்மையாரின் கையெழுத்துக்கு இரண்டு விரல் மேலே வரைந்திருக்கிறார். வாய் கீழே பார்த்து மலர்ந்திருக்கிறது! உறியைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு காய் கருடக்கொடியில் காய்க்காது. வெண்ணந்தூரிலும் காய்க்காது, கொல்லிமலையிலும் காய்க்காது.

அது சரியான காயாகவே இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா? மாட்டேன். சரியான காயும் அவர் காணாத காய்தான். தவறாக இருப்பது என் வாதத்துக்கு வசதி, அவ்வளவே. ஆனால் எண்ணிப் பாருங்கள். நாளை ஒரு மாணவி இந்த நூலைத் திறப்பாள். கீழே முத்தாயம்மாள் என்ற கையெழுத்து இருக்கும். பாடநூலை நம்பி ஏமாந்தவர், இனி யாரையும் ஏமாற்றக் கூடாது என்று முதுமையில் பென்சில் பிடித்தவர், அவர் பெயரிலேயே அந்த மாணவி ஏமாறுவாள். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை யாரால் செய்ய முடியும்?

அறை கொடுத்தீர்கள். வாடகை கேட்கவில்லை. அந்த நன்றியை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அறை கொடுத்ததால் தாள் உங்களுடையதாகிவிடாது. தாள் உங்களுடையதானாலும் அவருடைய கண் உங்களுடையதாகிவிடாது. செயலாளர் அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று சொல்வார்கள். நானும் நம்புகிறேன். காலியிடம் அவருக்கு உறுத்தியது. அந்த இடம் காலியாக இருக்கும்வரை, பார்ப்பவர்கள் எல்லாம் ஏன் என்று கேட்பார்கள். கொடியை வெட்டியது யார் என்பது ஒவ்வொரு முறையும் வெளியே வரும். ஆகவே அவர் மறைத்தது ஓவியத்தின் குறையை அல்ல.

வகுப்புத் தோழர்கள் சார்பில் சில உறுதிகளைச் சொல்லி முடிக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும். படிப்பகம் திறந்திருந்தால் உள்ளே நடக்கும். பூட்டியிருந்தால் ஜேடர்பாளையத்தில் தடுப்பணை அருகே மரநிழலில் நடக்கும். ஒரு தாளுக்கு ஒரு செடி என்ற விதி அப்படியே இருக்கும். அம்மையாரின் நூல் வெளிவரும், கண்காட்சியின்போது சௌந்தர்யா எடுத்துவைத்த நகலிலிருந்து, காலியிடம் காலியாகவே வெளிவரும். அறக்கட்டளை அச்சிடாவிட்டால் நாங்கள் அச்சிடுவோம். மகள் அனிதா அதற்கு ஒப்புதல் தந்திருக்கிறார்.

எஞ்சியிருப்பது மூல ஓவியம். நீர்வண்ணத்தை இந்தத் தாளிலிருந்து எடுக்க முடியாது. அந்தப் போலிக்காய் இனி என்றைக்கும் அங்கேதான் இருக்கும். ஆகவே அதன் கீழே ஒரு வரி எழுதப்பட வேண்டும்: "இந்தக் காய் முத்தாயம்மாள் வரைந்ததல்ல." அதை நான் எழுதக் கூடாது, சௌந்தர்யா எழுதக் கூடாது. செயலாளர் திரு. சின்னண்ணன் அவர்கள் தம் கையால் எழுதி, தம் பெயரையும் இட வேண்டும். ஓவியத்தின் மேல் கண்ணாடிச் சட்டம் இருக்குமே என்று தயங்க வேண்டாம் ஐயா. கூட்டம் தொடங்குமுன்பே நாங்கள் கழற்றி வைத்துவிட்டோம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று இருக்கிறது. இந்த விவகாரத்தில் மௌனம் ஏற்கெனவே வேண்டிய அளவு நடந்துவிட்டது. ஆனாலும் எழுந்து நில்லுங்கள். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மேடையில் இருப்பவர்களும் எழுந்து நில்லுங்கள். கணக்கு நிமிடம் அல்ல. செயலாளர் அவர்கள் எழுதி முடிக்கும்வரை நிற்போம்.

இதோ பென்சில், ஐயா. வாருங்கள்.