மஞ்சள் அட்டையில் ஒட்டிய வண்டு

எனக்குக் கை நடுங்காது. விளிம்பு வரை காபி ஊற்றிய டம்ளரை, வில்லாபுரத்தில் என் வீட்டு மாடிப்படியில் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோவேன். என் மனைவி ரெங்கம்மாள் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். விலங்கியல் துறையிலும் எனக்கு அதே பெயர்தான். கடுகைவிடச் சின்னப் பூச்சியை அட்டையில் ஒட்ட வேண்டுமென்றால், உக்கிரபாண்டி சாரிடம் கொடுங்கள் என்பார்கள்.

கல்லூரி உங்களை விசாரணைக்கு அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை. ஒச்சாயி கொடுத்த புகாரைப் படித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாதது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அவள் கணவன் முத்துக்கருப்பன் எங்கள் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர், செய்முறை வகுப்புக்குத் துணையாள். தற்காலிக வேலைதான். அலங்காநல்லூர் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. எழுபத்தொன்பதில், மழை விட்ட சமயம், மாத்திரை பாட்டில் ஒன்றில் ஆறு பூச்சிகளைப் பிடித்துக்கொண்டு வந்தான். வயலில் மோட்டார் ரூம் வாசல்கல்லைப் புரட்டியபோது அடியில் எறும்புகளோடு எறும்பாகத் திரிந்தனவாம்.

"அண்ணே, இந்த எறும்பு ஒரு மாதிரியா நடக்குதுண்ணே. என்னன்னு பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். எறும்பின் உணர்கொம்பு நம் முழங்கைபோல மடங்கும். இதற்கு நேராக நீண்டு நுனியில் தடித்திருந்தது. எறும்பின் இடுப்பில் ஒரு கணு இருக்கும். இதற்குக் கழுத்தும் இடுப்பும் ஒடுங்கியிருந்தனவே தவிர, கணு இல்லை. முதுகின் நடுவே மயிரிழைபோல ஒரு கோடு. இறக்கையை மூடும் இரண்டு ஓடுகளும் சேருமிடம் அது. ஓடு இருந்தால் வண்டு. எறும்பின் வேஷம் போட்டு எறும்புக் கூட்டத்தில் பிழைக்கிற வண்டு. அந்த வகை வண்டுகளில் தெரிந்த எதற்கும் இல்லாதபடி, தலையின் பின்பக்கம் ஒரு குழியும் அதில் பொன்னிற மயிர்க்கற்றையும் இருந்தன.

"எறும்பு இல்லப்பா, வண்டு" என்றேன். "புதுசு மாதிரி தெரியுது."

அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு புது இனத்தைத் தேடிக்கொண்டிருந்தவன் நான். நான் கண்டெடுத்ததெல்லாம் எவனோ எப்போதோ பெயர் வைத்துவிட்டதாக இருந்தது. இவன் மோட்டார் போடப் போன இடத்தில் எடுத்து வந்துவிட்டான். கட்டுரை எழுதும்போது, "உங்க பேரையும் ரெண்டாவதாப் போட்டுருவோம்ணே" என்றான். வேண்டாம் என்றேன். பெருந்தன்மை என்று எல்லோரும் சொன்னார்கள். ரெண்டாவதாக என்ற சொல் அன்று ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு புது இனத்துக்கு ஒரே ஒரு பூச்சியை மூல மாதிரி என்று குறிப்பார்கள். பெயர் அந்த ஒன்றின்மேல்தான் நிற்கும். அதை வெளியூர் மியூசியத்து நிபுணருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். பார்சல் கட்டும் வேலையை முத்துக்கருப்பன் என்னிடம் கொடுத்தான். அவனுக்கு உழவு பிடித்த கை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வெந்நீர் ஆவி பட்டால் பசை இளகும். வண்டின் தலையை எடுத்துவிட்டு, அதே அளவில் ஓர் எறும்பின் தலையை ஒட்டினேன். சுத்தமாக வந்தது. அவனை அழிக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. ஒரு வருடம் தள்ளிப் போனால் போதும் என்றுதான் நினைத்தேன்.

நிபுணர் பதில் எழுதினார். உடம்பு வண்டு, தலை எறும்பு, நடுவில் பசை. இப்படி மோசடி செய்பவரை வேலையில் வைத்திருப்பது கல்லூரிக்கு அழகல்ல என்று ஒரு வரி சேர்த்திருந்தார். முத்துக்கருப்பன் அதை வாசித்துவிட்டு, என்மேல் துளிக்கூடச் சந்தேகப்படாமல், "மிச்சம் அஞ்சு இருக்குல்லண்ணே, அதைக் காட்டிருவோம்" என்று பீரோவைத் திறக்க ஓடினான்.

எங்கள் பூச்சிப் பீரோவின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும். எறும்பு ஏறாமலிருக்க இந்த ஏற்பாடு. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. கடிதம் முந்தின நாளே என் கைக்கு வந்திருந்தது. அன்றே கிண்ணங்களைக் கவிழ்த்து, துடைத்து, பழையபடி வைத்திருந்தேன். உள்ளே அட்டைகளைக் குத்தியிருந்த ஊசிகளும், நான் கிள்ளிப் போட்ட அட்டைத் துணுக்குகளும்தான். ஐந்து வண்டுகளும் அட்டையோடு என் வீட்டில், ரெங்கம்மாள் பட்டுப்புடவை வைக்கும் பெட்டிக்கடியில் இருந்தன.

"எறும்பு அரிச்சிருச்சுப்பா" என்றேன்.

அவன் குனிந்து காய்ந்த கிண்ணத்தை விரலால் தடவிப் பார்த்தான். "ஊத்துனேனேண்ணே" என்றான். எழுந்து நின்று, "மறந்துட்டேன் போல" என்றான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கிண்ணங்களில் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒருநாளும் தவறவிட்டதில்லை.

வேலை போயிற்று. ஒச்சாயி ஒருநாள் வீடு தேடி வந்து கேட்டாள்: "அவரு பொய்யாச் செஞ்சாராண்ணே? ஊருல ஒரு மாதிரியாப் பேசுறாக." மனுஷன் என்றால் தப்பு வரத்தான் செய்யும் என்று ஆறுதல் சொல்லி, சாப்பிடவைத்து அனுப்பினேன்.

அவன் விடவில்லை. இன்னொரு வண்டைப் பிடித்துவந்து காட்டுகிறேன் என்று வெயிலில் அலைந்தான். மோட்டார் ரூம் கல்லுக்கடியில் அந்த எறும்புகள் இடம் மாறிவிட்டனவாம். எங்கே தேடலாம் என்று என்னிடமே கேட்டான். சமயநல்லூர் பக்கத்துக் கரட்டை, அந்த மொட்டைப் பாறைக் குன்றைச் சொன்னேன். அந்த எறும்பு காய்ந்த கரட்டில் கூடு வைக்காது என்று எனக்குத் தெரியும். தேடி அலுத்து, தானாக விட்டுவிடுவான் என்று எண்ணினேன்.

கல்லைப் புரட்ட நாங்கள் ஓர் இரும்புக் கொக்கி வைத்திருப்போம். தள்ளி நின்று, கல்லை நம் பக்கமாக இழுத்துச் சாய்க்க வேண்டும். அடியில் பாம்பு இருந்தாலும் கல் குறுக்கே நிற்கும். அந்தக் கொக்கி துறையின் சொத்து. வேலை போனவரிடமிருந்து திரும்ப வாங்குவது என் கடமை. வாங்கினேன். எண்பத்தொன்று சித்திரையில் கரட்டில் வெறுங்கையால் கல்லைப் புரட்டியபோது சுருட்டை விரியன் கொத்திவிட்டது. மூன்றாம் நாள் இறந்துபோனான். இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். பேசும்போது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

பிறகு இரண்டு வருடம் கழித்து, வேறு இடத்தில் நானே பிடித்ததாகச் சொல்லி அந்த ஐந்தையும் வெளியே எடுத்தேன். இனம் அங்கீகாரம் பெற்றது. நம் பெயரை நாமே வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் அசிங்கம். இன்னொருவர் பெயரைத்தான் வைக்க வேண்டும். நான் முத்துக்கருப்பன் பெயரை வைத்தேன்.

போன மாதம் கண்காட்சியில் அதை வைத்து, ஒச்சாயியை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். "பாரும்மா, உன் வீட்டுக்காரர் பேரு" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். அவள் கண்ணை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. பூச்சியைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

முத்துக்கருப்பன் பூச்சி ஒட்டுகிற முக்கோண அட்டைகளைத் தன் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சியவற்றிலிருந்து வெட்டுவான். மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து. வெளியே எடுக்கும் முன் நான் நான்கு வண்டுகளைப் பிரித்து வெள்ளை அட்டைக்கு மாற்றிவிட்டேன். ஐந்தாவதைப் பிரிக்கும்போது என் கை நடுங்கியது. வாழ்க்கையில் முதல் தடவை. ஒரு கால் ஒடிந்ததும் பயந்துபோய் அப்படியே விட்டுவிட்டேன். கண்காட்சிக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். மற்ற நான்கையும் மியூசியம் வாங்கிக்கொண்டது.

"இது எங்க கலியாணப் பத்திரிகை" என்றாள் ஒச்சாயி. சத்தம் போடவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எறும்பு அரிச்சிருச்சுன்னு சொன்னீகளேண்ணே."

அவ்வளவுதான். தலையை ஒட்டியது நான், கிண்ணத்தைக் கவிழ்த்தது நான், கரட்டுக்கு அனுப்பியதும் கொக்கியை வாங்கிக்கொண்டதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். வேலை போகட்டும், ஜெயில் என்றாலும் சரி.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வழக்கப்படி இனத்தின் பெயருக்குப் பின்னால் அதை விவரித்தவரின் பெயர் வரும். அவன் பெயர் முதலில், என் பெயர் ரெண்டாவதாக. உலகத்தில் எந்தப் புத்தகத்தில் அந்த வண்டு வந்தாலும் அப்படித்தான் வரும். அதை மட்டும் மாற்றச் சொல்லி எழுதிவிடாதீர்கள். முத்துக்கருப்பனுக்காகத்தான் கேட்கிறேன்.