நாலாவது பாட்டில் நின்ற பேஸ் கிட்டார்

"நேத்து கச்சேரில நாலாவது பாட்டுல எனக்கு நெஞ்சு நின்னுபோச்சுங்க" என்றார் புதுக்கோட்டை பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்த பெண், வேர்க்கடலையை உரித்தபடி. பக்கத்தில் கணவர், முழங்கால்களுக்கு நடுவே உறையிட்ட பேஸ் கிட்டாருடன்.

"நெஞ்சா?" என்றார் கணவர்.

"ஒங்க கிட்டாரு டும்டும்னு நெஞ்சுக்குள்ள அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு இல்ல. வாசிக்கிறத நிறுத்திட்டீங்களா?"

கணவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "மரத்துப்போச்சு. இருபது வருசமா குவைத்துல லாரி ஓட்டுன கை. பாடுனவனுக்கே தெரியல, ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே வாசிக்கிறத விட்டுட்டீங்க. நேத்துத்தான் மொதமொத கேக்குறேன். கவனிக்க மாட்டேனா?"

"இனிமே கேக்க வேண்டியதில்ல. சனிக்கிழமை மீமிசல் கச்சேரிக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டேன்."

மனைவி அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவரிடமே நீட்டினார். "வாரேன்னு சொல்லுங்க."

"மறுபடி மரத்துப்போனா?"

"மூணு பாட்டு நல்லாத்தான இருந்துச்சு."

கணவர் எண்ணை அழுத்தினார். "அண்ணே, வேற ஆளு வேணாம். நானே வாரேன்."

"ஸ்பீக்கர் பக்கத்துல எனக்கு ஒரு சேர் போடச் சொல்லுங்க" என்றார் மனைவி.