உப்புத்தண்ணியில் மிதந்த மணி

— இன்னும் எவ்வளவு உப்பு, ரஜிதன் மாஸ்ரர்? கருவாடு போடுற அளவுக்குக் கொட்டிப்போட்டியள்!

— கரையாமல் அடியில நிக்கவேணும், கலிஸ்ராக்கா. அப்பதான் சோதனை சரி.

— கம்பஸில தொல்லியல் எண்டு இதைத்தானோ படிச்சனீங்கள்?

— அதுக்கு மிசின் இருக்கு. வவுனியாவுக்கு அங்கால. இஞ்ச மல்லாவியில என்ர கறிச்சட்டிதான்.

— முல்லைத்தீவில இருந்து சைக்கிள் உழக்கி வந்தனான்... பகிடி விடாதேங்கோ. இந்தாங்கோ மணி. இது பானை ஓட்டுத்துண்டு. ரெண்டும் என்ர அண்ணையின்ர கரைவலையில ஒண்டாத்தான் வந்தது.

— ஓடு நல்ல பழசு. உள்ளுக்குக் கறுப்பு, வெளியில சிவப்பு... ரெண்டாயிரம் வருசம் வரும்.

— அப்ப மணியும்?

— பொறுங்கோ. கண்ணாடி எண்டால் தாழும். அம்பர் எண்டால் மிதக்கும். அம்பர் எண்டது மரத்துப் பிசின், மண்ணுக்க கிடந்து கல்லு மாதிரி இறுகினது...

— தெரியும். போடுங்கோ. மாதாவே... தாழவேணும்.

— ஏனக்கா தாழவேணும்?

— என்ர மனுசன் யோசெப்பின்ர செபமாலை அம்பர், மாஸ்ரர். தாய்க்கு ஒரு வெள்ளைக்காரச் சுவாமி குடுத்தது. அதைக் கழுத்தில போட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போனவர்... போன சோளகக் காத்துக்கு முதல். இன்னும் வரேல்லை.

— இந்தா, போடுறன்... பாருங்கோ.

— மிதக்குதே!

— பிளாஸ்ரிக்கும் சிலது மிதக்கும். ஊசியைச் சுடவைச்சுக் குத்தட்டோ? சாம்பிராணி மணம் வந்தால்...

— வேண்டாம்! நோகும்.

— மணிக்கோ?

— எனக்கு.

— சரி, குத்தேல்ல... துளைக்குள்ள மண் கிடக்கு. வெளிச்சத்தில பிடிச்சுத் துடைச்சிட்டு வாறன்.

— ஏன் அங்கால திரும்பி நிண்டு துடைக்கிறியள்?

— வெயில் இஞ்சால எல்லோ... ஓம், அக்கா. இது பழைய மணிதான்.

— எப்பிடித் தெரியும்?

— உப்புத்தண்ணி அம்பர் எண்டுதான் சொல்லும். ஆரின்ர எண்டு சொல்லாது. வயசைச் சொல்லுறது பக்கத்தில கிடந்த ஓடு. அந்தக் காலத்துக் கப்பல்காரர் கொண்டு வந்திருப்பினம். யோசெப்பண்ணையின்ர இல்லை.

— வலை கண்டது நிண்டது எல்லாத்தையும் வாரிக்கொண்டு வரும், மாஸ்ரர்.

— படிச்சவன் சொல்லுறன்... நம்புங்கோ.

— அவருக்குப் பாரைக் கருவாடு எண்டால் உயிர். போட்டு வைக்கிறனான். புழுப்பிடிச்சால் எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுறன். வீட்டுக்குள்ள எப்பவும் அந்த மணம்தான்... அவர் குளிச்சிட்டு வந்தாலும் போகாத மணம்.

— வருவார், அக்கா.

— இன்னொருக்காச் சொல்லுங்கோ.

— வருவார்.

— போதும். இதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தனான்... இப்ப அந்த நீல நூலைத் தாங்கோ.

— எந்த... நூல்?

— நகத்தால கிளறி, சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சியளே, அது. செபமாலை அறுந்த நேரம் வலைநூலில கோத்துக் குடுத்தனான், மாஸ்ரர். அந்த முடிச்சு நான் போட்டது.